பூசைக் கிடாயின் ஈரலை நாய்க்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் நாய் பெருகிவிட்டது, எல்லாவற்றையும் பிடித்து ஒழிக்க வேண்டும் என்று உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆடு வளர்க்கிறவன். முனியாண்டி பூசை, மாரியம்மன் திருவிழா என்றால் கிடா வெட்டக் கூப்பிடுவார்கள். நாய்களை ஒழிப்பதற்கு முன்னால் எங்களைப் போலக் கத்தி பிடிக்கிறவர்களையும் கொஞ்சம் கேளுங்கள்.

என் தங்கச்சி மகளுக்கு ஒன்பது வயது. வலது விலாவுக்குக் கீழே வலி, அப்புறம் ஒரு புடைப்பு. முதலில் கேஸ்ட்ரைட்டிஸ் மருந்து கொடுத்தார்கள். லயத்தில் சிலர் செய்வினை என்று கயிறு கட்டச் சொன்னார்கள். கடைசியில் கண்டியில் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் பெரிய நீர்க்கட்டி. நாயின் நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் நோய் என்றார்கள். நம் நாட்டில் அரிதான நோய்தான். டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி: வீட்டில் நாய் இருக்கிறதா, பக்கத்தில் ஆடு வெட்டுவார்களா? தங்கச்சி திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் தண்ணிக் கட்டி இருக்கும். யாரும் தின்னமாட்டார்கள், அறுத்து எறிவார்கள். சுற்றி நிற்கிற நாய்களுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். அந்தக் கட்டிக்குள் இருக்கும் நுண்ணிய புழுத் தலைகள் நாயின் குடலில் நாடாப்புழுவாக வளர்கின்றன. முழுப் புழுவே ஒரு அரிசிமணி அளவுதான். ஆறேழு வாரத்தில் அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வரும். புல்லில் விழுந்தால் ஆட்டுக்கு, பிள்ளையின் கையிலோ கழுவாத கீரையிலோ ஒட்டினால் பிள்ளைக்கு. வயிற்றுக்குள் போன முட்டைதான் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாக வளரும். வெயிலில் காய்ந்தால் முட்டை செத்துவிடும், நம் ஊர்க் குளிரும் ஈரமும் அதற்கு நல்ல வசதி. நாய் கடித்தோ, ஆட்டுக்கறி தின்றோ, ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கோ இது வராது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மருமகளோடு விளையாட வேண்டாம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை விழுங்கும் பூச்சி மாத்திரையால் இது போகாது. மருமகளுக்கு அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை காலையும் மாலையும், எடை பார்த்து அளவு. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேருமாம், அதனால் முட்டையோ தேங்காய்ப்பால் கறியோ. ஈரலும் வெள்ளை அணுக்களும் எப்படி இருக்கின்றன என்று இடைக்கிடை இரத்தப் பரிசோதனை. மாத்திரை தொடங்கிய பிறகுதான் ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் நீரை எடுத்து, கிருமி கொல்லும் மருந்தை உள்ளே விட்டு, கொஞ்ச நேரத்தில் அதையும் உறிஞ்சினார்கள். கட்டி உடைந்து நீர் கசிந்தால் ஒவ்வாமையில் உயிரே போகலாம், புதிய கட்டிகளும் முளைக்கலாம். கட்டி நுரையீரலில் இருந்தால் இந்த ஊசி முறை கிடையாது, பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான். பிள்ளைகளுக்கு நுரையீரலில் வருவதும் சாதாரணமாம். மருமகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ஆனால் ஸ்கேன் பார்ப்பது இன்னும் சில வருடம் தொடரும்.

நமக்குப் பால்மா அனுப்பும் நியூசிலாந்திலும் இந்த நோய் நிறைய இருந்தது. பச்சை ஈரல், நுரையீரலை நாய்க்குப் போடுவதைச் சட்டத்தால் தடுத்து, நாய்களுக்குப் புழு மருந்தும் கொடுத்தார்கள். 2002 இல் நோய் நீங்கியதாக அறிவிக்க முடிந்தது.

கோயில் கமிட்டிகளிடம் நான் கேட்பது, கட்டியுள்ள ஈரல், நுரையீரலைப் புதைக்க ஒரு குழி. பந்தல் போடும்போதே, நாய் தோண்டாத ஆழத்துக்கு வெட்டி, மேலே கல் வைக்க வேண்டும். எல்லாத் தண்ணிக் கட்டியும் இந்தப் புழு இல்லையாம், ஆனால் வெட்டுகிறவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; எல்லாமே குழிக்குத்தான். அப்புறம், விசர் நாய்த் தடுப்பூசி போடத் தோட்டத்துக்கு வரும் அதிகாரிகள் நாய்க்கு நாடாப்புழு போகக் கொடுக்கும் பிரசிகுவாண்டல் மாத்திரையையும் கொண்டுவரட்டும். கொடுத்த பிறகு சில நாளைக்கு நாயின் மலத்தைப் புதைக்கும்படி வீட்டுக்காரர்களிடம் சொல்லவும் வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரை புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்பவர் ஒருவர்,
பொகவந்தலாவை.