உளியைக் கத்தி என்று எழுதியிருந்தார்கள்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள கிளி,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது என்றுகூடச் சொல்லாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். கோபமிருந்தால் நேரில் வந்து திட்டிவிட்டுப் போ. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவனுக்கு ஈப்போவில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். போன வாரம் நடந்த ஒன்று மனத்திலேயே நிற்கிறது, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பள்ளி விடுமுறை என்று பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனோம். ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில் நீ தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஜன்னலுக்கு வெளியிலேயே தலையை வைத்திருந்தாயே, அந்தப் பாதை இல்லை. இப்போது சிம்பாங் பூலாயில் ஏறினால் கம்போங் ராஜாவில் கொண்டுபோய் விடுகிறது. நீயே வரலாம், வாந்தி வராது. பிரிஞ்சாங்கில் பசியாறி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடித்தான் அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம்.

உள்ளே போனால் வெளியே வர மனமில்லை. பழைய முடிதிருத்தும் நாற்காலி, சீனர் காப்பிக்கடையின் பளிங்கு மேசை, பூர்வகுடி ஓராங் அஸ்லி மக்கள் ஊதி அம்பு எய்யும் குழல், எடை போடும் டாச்சிங். 1885-இல் வில்லியம் கேமரன் அந்த மலையை அளக்க வந்தது, 1929-இல் ரசல் துரை போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது எல்லாம் எழுதிப் போட்டிருந்தார்கள். பேரன் ஜிம் தாம்சன் படத்தின் முன்னால் நின்றவன் நகரவே இல்லை. தாய்லாந்துப் பட்டு வியாபாரி, 1967 மார்ச் 26-இல் அந்த மலையில் நடக்கப் போனவர் இன்றுவரை கிடைக்கவில்லை என்றால் பையன் நகர்வானா?

நான் தனியாக மூலைக் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போனேன். அங்கே ஓர் உளி இருந்தது, கிளி. ரப்பர் மரத்தில் நாம் பால் வெட்டும் உளி. நுனி வளைந்து மடங்கி, தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. பிடியில் சைக்கிள் டியூபை நறுக்கி இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். பெருவிரல் அழுந்தும் இடத்தில் மட்டும் ரப்பர் வழுவழுவென்று மின்னியது. உன் அம்மா உளி அப்படியே! கீழே அட்டையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் 'பழைய தோட்டக் கத்தி' என்று எழுதியிருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பேரனைக் கூப்பிட்டேன். இது கத்தி இல்லை ஐயா, உளி என்றேன். இதை வைத்து வெட்டக் கூடாது, இழுக்க வேண்டும். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். உள்ளே மரத்தில் பட்டால் காயம், காயம் பட்டால் வேலை வாங்கும் தண்டல் சத்தம் போடுவார் என்றேன். இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் இறங்குகிற மாதிரிதான் கோடு வர வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து ஏறுகின்றன, அதனால் அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும். இந்தக் காரணத்தை நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உன் அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? விடியற்காலை நாலரை மணிக்கு, தலையில் விளக்கோடு, அவர் கை தானாக அந்தச் சரிவில் இறங்குமே.

அவன் சும்மா விடவில்லை. "பால் எதில் விழும் பாட்டி?" மங்குக் கிண்ணத்தில். "மங்குக்கு எப்படி வரும்?" பீலித் தகடு வழியாக. "அப்புறம்?" வாளியில் ஊற்றித் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் மாட்டிப் பால் ஸ்டோருக்கு. மறுநாள் கோட்டில் காய்ந்து கிடப்பது ஒட்டுப்பால். எல்லாம் கடகடவென்று வந்தது. "மழை பெய்தால்?" என்றான். மழைத் தண்ணீர் மங்கில் இறங்காமல் மரத்தைச் சுற்றி ஒன்று கட்டுவார்களே, தார் பூசி ஒட்டுவார்களே, அதற்கு என்ன பெயர்? வாய் வரை வருகிறது, வெளியே வரவில்லை. மலை இறங்கும் வரை யோசித்தேன். இன்றைக்கும் வரவில்லை.

அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் உளி என்ற பெயரைச் சொன்னேன். நல்ல பெண். நோட்டில் எழுதிக்கொண்டு, எழுத்துக்கூட்டிக் காட்டச் சொன்னாள். அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தேயிலை மலைக்காரர்களுக்கு உளியைப் பற்றி என்ன தெரியும்? சொல்ல வேண்டியவர்கள் நாம்தானே. கோலா கங்சார் நமக்குப் பக்கத்து ஊர். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 அங்கேதான் நடப்பட்டன. அதில் ஒரு மரத்தை இன்றும் வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். 1948 ஜூன் 16-இல் நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்த கதையும் புத்தகங்களில் இருக்கிறது. அன்று லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பிள்ளைகளை எங்கே ஒளித்து வைத்தார்கள், அடுப்பு மூட்டினார்களா என்பது நான் படித்த எதிலும் இல்லை. என் மாமியாருக்குத் தெரியும். அவரிடம் உட்கார்ந்து கேட்காமல் விட்டுவிட்டேன்.

நம் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயம் இருந்த இடம் தெரியவில்லை, கோயில் மட்டும் நிற்கிறது. கோயில் தலைவரிடம் பேசினேன். மண்டபத்தில் கண்ணாடி போட்ட ஓர் அலமாரி வைக்க ஒத்துக்கொண்டார். இதுவரை நாலு மங்கு, நசுங்கிய வாளி ஒன்று, காண்டாக் கம்பு ஒன்று சேர்ந்திருக்கின்றன. அப்பா 10 வெள்ளி 10 வெள்ளியாகக் கட்டி வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரமும் இருக்கிறது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் மந்திரி சம்பந்தன் தொடங்கிய சங்கம். அந்த 10 வெள்ளிக்காக அந்த மாதம் எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை என்று நான் உன் வீட்டில் வந்து சாப்பிட்டது நினைவிருக்கிறதா?

எனக்கு உன் அம்மாவின் உளி வேண்டும். அண்ணன் அதை வைத்துக் கொய்யா மரத்துக் கிளை நறுக்குகிறார் என்று உன் மகள் சொன்னாள். முதலில் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வை. மணல்தாள் போட்டுத் தேய்க்காதே, டியூபை அவிழ்க்காதே, துருவோடு அப்படியே கொண்டு வா. திருவிழாவுக்கு எப்படியும் வருவாய் அல்லவா?

அதற்கு முன்னால் ஒரு காரியம். பெரியம்மாவுக்குக் காலையில் யாரையும் அடையாளம் தெரியவில்லை, சாயங்காலம் காப்பி குடித்த பிறகு பழைய கதையெல்லாம் பேசுகிறார் என்று எழுதியிருந்தாய். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார். உளியை அவர் கையில் கொடு. மழைக்கு மரத்தில் கட்டுவோமே, அதற்கு என்ன பெயர் என்று கேள். சொன்னவுடன், எத்தனை மணியானாலும், எனக்குப் போன் போடு.

உன்
மூணாம் லயத்துக்காரி