போதிதர்மர் இருக்கட்டும், ரெய் ஒழுங்கா பண்றாங்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல கராத்தேயும் கிழக்கத்திய தத்துவமும்னு வந்த கட்டுரைய படிச்சேன். தலைப்ப பார்த்து ஆசையா உள்ள போனா, காஞ்சிபுரத்துல இருந்து போதிதர்மர்ங்கற பௌத்தத் துறவி சீனாவுக்குப் போனாரு, ஷாவோலின் மடத்துல சண்டை சொல்லிக் குடுத்தாரு, அது அப்படியே ஜப்பானுக்குப் போய் கராத்தே ஆச்சு, அதனால கராத்தே நம்மளோடதுன்னு முடிச்சிட்டாங்க. 2011ல ஏழாம் அறிவு படம் வந்ததுல இருந்து எந்த க்ளாஸ் நோட்டீஸ எடுத்தாலும் இதேதான். நானும் சாயங்காலத்துல பசங்களுக்கு கராத்தே சொல்லிக் குடுக்கறவன், அட்மிஷனுக்கு வர்ற அப்பாங்க ஃபீஸ் கேக்கறதுக்கு முன்னாடி போதிதர்மரத்தான் கேக்கறாங்க!

அவரு தென்னிந்திய ராஜா மகன்னு ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்லுது, 547ல எழுதின இன்னொண்ணு பாரசீகத்துக்காரர்னு சொல்லுது, அத ஆராய்ச்சிக்காரங்க பாத்துக்கட்டும். ஆனா அவரு பேர்ல இருக்கற உடற்பயிற்சி நூல் வெளிய வந்ததே 17ம் நூற்றாண்டுலதான், அவரு காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழிச்சு. அத நம்பி நோட்டீஸ் அடிக்கறது கொஞ்சம் ஓவர்.

கராத்தே பிறந்தது இப்ப ஜப்பானோட இருக்கற ஒகினாவா தீவுல. 1879 வரைக்கும் அது ர்யூக்யூங்கற தனி ராஜ்யம், அந்த ஊர் கைச்சண்டையோட சீனாவுல ஃபூஜியன் பக்கத்து வித்தையும் கலந்துதான் இது உருவாச்சு. இத 1901ல பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வந்தவர் அந்த ஊர் மாஸ்டர் இத்தோசு ஆன்கோ. இன்னைக்கு மஞ்சள் பெல்ட் பசங்க போடற ஹெய்யான் கட்டா அஞ்சும் அவரு கோத்ததுதான் (கட்டான்னா அடியும் தடுப்பும் வரிசையா கோத்து தனியா செஞ்சு பழகறது). 1908ல பத்து பாயின்ட்டா அவரு ஒரு கடிதம் எழுதினாரு, அதோட ஆரம்பமே என்ன தெரியுமா, கராத்தே பௌத்தத்துல இருந்தும் வரல, கன்ஃபூசியஸ் வழியில இருந்தும் வரலங்கறதுதான். சொன்னது ஏதோ வெளியாள் இல்ல, நம்ம கட்டாவ உருவாக்கின மனுஷனே. அதே கடிதத்துல இதக் கத்துக்கற பசங்க நாளைக்கு நல்ல சோல்ஜரா வருவாங்கன்னும் எழுதியிருக்காரு, அந்தக் காலத்து ஜப்பான் அப்படி. நோட்டீஸ்ல இதெல்லாம் வராது.

அப்ப தத்துவமே இல்லையான்னு கேட்டா, இருக்கு சார், வந்து சேர்ந்த வழி வேற, அவ்ளோதான். இத்தோசுவோட ஸ்டூடன்ட் ஃபுனாகோஷி கிச்சின், 1868ல பிறந்தவர், சின்ன வயசுலயே கன்ஃபூசியஸ் நூலெல்லாம் படிச்சவர், தொழில் பள்ளிக்கூட வாத்தியார். 1922ல டோக்கியோவுல டெமோ குடுக்கப் போனவர் அங்கயே தங்கி கராத்தேய பரப்பினாரு. அவரு எழுதி வெச்ச 20 விதியில முதல் விதி, கராத்தே ரெய்ல ஆரம்பிச்சு ரெய்லதான் முடியும். ரெய்னா அந்தக் குனிஞ்சு போடற வணக்கமும் அதுக்குப் பின்னாடி இருக்கற மரியாதையும். ரெண்டாவது, கராத்தேல முதல் அடி நம்மளோடது கிடையாது. இதுல எனக்கு ஜென் வாசனைய விட வாத்தியார் வாசனைதான் அதிகமா அடிக்குது, வேற மாஸ்டருங்க சண்டைக்கு வந்தாலும் பரவால்ல.

அந்த ரெண்டாவது விதிய அவரு எவ்ளோ சீரியஸா எடுத்துக்கிட்டாருங்கறதுக்கு ஒரு சம்பவம் இருக்கு, அவரே தன் வாழ்க்கைக் கதையில எழுதினது. யுத்தம் முடிஞ்ச சமயம், நல்லா வயசாயிருச்சு, ராத்திரி தனியா வர்றாரு, ஒருத்தன் வழிய மறிச்சு பணம் கேட்டு குடையால அடிக்க ஓங்குறான். இவரு குனிஞ்சு தப்பிச்சு அவன் உயிர்நிலைய ஒரே பிடி, அவன் துடிச்சுப் போயிட்டான். அந்தப் பக்கமா வந்த போலீஸ்கிட்ட ஒப்படைச்சாச்சு. நம்ம ஊர்னா அடுத்த நாளே ஃப்ளெக்ஸ் வெச்சிருப்பாங்க. அவரு என்னடான்னா, பாவம் யுத்தத்துல இருந்து திரும்பி வந்து வேல கிடைக்காதவனா இருக்கும், பசங்ககிட்ட பண்ணாதீங்கடான்னு சொல்றத நானே பண்ணிட்டேனேன்னு வெக்கப்படறாரு.

இத பசங்களுக்கு பேசிப் புரிய வெக்க முடியாது, நான் ட்ரை பண்ணி விட்டுட்டேன், கொட்டாவி விடறாங்க. ஆனா பயிற்சிக்குள்ளயே எல்லாம் இருக்கு. ஹெய்யான் அஞ்சு கட்டாவும் ப்ளாக்லதான், அதாவது தடுக்கறதுலதான் ஆரம்பிக்கும், ஒண்ணு கூட பஞ்ச்ல ஆரம்பிக்காது. அப்புறம் ஸான்ஷின்னு ஒண்ணு, அடிச்சு முடிச்ச பிறகும் கவனம் எதிராளி மேலயே இருக்கணும். எங்க க்ளாஸ்ல ஒரு வாண்டு, பஞ்ச் சூப்பரா போடும், போட்ட அடுத்த செகண்டே வீடியோ எடுக்கற அம்மாவ திரும்பிப் பாத்து சிரிக்கும். டோர்னமென்ட்ல பாயின்ட் குடுக்கறதுக்குப் பாக்கற ஆறு விஷயத்துல ஸான்ஷினும் ஒண்ணு, அடி பட்டுருச்சுங்கறது மட்டும் பத்தாது. கோஜு ர்யூங்கற கராத்தே ஸ்டைல் ஆளுங்க ஸான்சின் கட்டா (ஸான்ஷின் வேற, இது வேற) பண்றப்ப பாத்தீங்கன்னா தெரியும், மெதுவா மூச்ச இழுத்து விட்டுக்கிட்டே ஒவ்வொரு அடியா வெப்பாங்க, மாஸ்டர் பின்னாடி நின்னு தோள்லயும் தொடையிலயும் பட்டு பட்டுனு தட்டி இறுக்கம் சரியா இருக்கான்னு பாப்பாரு. மூச்ச இழுக்கறதுலயும் விடறதுலயும் கடினமும் மென்மையும் இருக்குன்னு ஒரு பழைய சீன நூல்ல வர்ற வரியில இருந்துதான் மியாகி சோஜுன் அந்த ஸ்டைலுக்கே பேர் எடுத்தாரு, கோன்னா கடினம், ஜுன்னா மென்மை. அத ஒரு லெக்சரும் இல்லாம தொடை வலியிலயே கத்துக்கலாம்.

2021ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கராத்தே ஃபைனல், 75 கிலோவுக்கு மேல, ஞாபகம் இருக்கா? சவூதி வீரர் 4-1னு லீட்ல இருக்காரு, தலைக்கு ஒரு கிக் விட்டாரு, ஈரான் வீரர் சஜ்ஜாத் கஞ்ஜாதே மயங்கி விழுந்து ஸ்ட்ரெச்சர்ல போனாரு. கன்ட்ரோல் இல்லாம அடிச்சதுக்கு அடிச்சவர டிஸ்க்வாலிஃபை பண்ணிட்டாங்க, படுத்திருந்தவருக்கு தங்கம். அப்ப ஊரே கிண்டல் பண்ணுச்சு, இது என்ன விளையாட்டுன்னு. எனக்கு அந்த சவூதி பையன நினைச்சா கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அன்னைக்கு நடுவர்கள் குடுத்த தீர்ப்புல அந்த ஒகினாவா வாத்தியாருங்க சொல்லிக் குடுத்தது இருந்துச்சு.

இங்க என்னடான்னா மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட், கிரேடிங் ஃபீஸ் தனி, சர்டிஃபிகேட் ஃபீஸ் தனி, ரெய் பண்ணச் சொன்னா பையன் கழுத்த மட்டும் ஆட்டறான், இதுல முன்னாடி வரிசையில உக்காந்து நம்ம பாரம்பரியம்னு கை தட்டறோம்.

கடைசியா ஒண்ணு. கட்டுரைக்கு மேல பெருசா போட்டிருக்கற போட்டோவுல ஒரு சின்னப் பையன் நெத்தியால ஓடு உடைக்கறான். அந்த 20 விதியயும் ஒரு தடவை முழுசா மொழிபெயர்த்துப் போடுங்க சார், ஓடு பத்தி அதுல ஒரு வரி கூட கிடையாது.

இப்படிக்கு,
சாயங்கால கராத்தே மாஸ்டர் ஒருத்தர்,
திருச்சி