பூண்டி – வேளாங்கண்ணி: நடப்பவர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்காகப் பூண்டி மாதா பேராலயத்திலிருந்து தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகை வழியாக நடப்பவர்களுக்கு மேடு பள்ளம் கிடையாது. ஆனால் அது குறுவை அறுவடைக் காலம். பாதிச் சாலையை அடைத்து நெல் காயும். சுற்றிலும் கருங்கல் வரிசை. நடப்பவர் நடுச்சாலைக்கு வந்தே ஆகவேண்டும். விவசாயியைக் குறைசொல்ல முடியாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கமாட்டார்கள்.

எனவே, எதிர்வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக ஒற்றை வரிசையில் நடங்கள். இருட்டில் காவித்துணி ஓட்டுநருக்குத் தெரியாது. முன்னால் போகிறவர் கையில் டார்ச், கடைசி ஆளின் முதுகில் ஒளிரும் பட்டை கட்டாயம். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் தார் கொதிக்கும், வெறுங்கால் கொப்பளிக்கும். கொப்புளத்தைக் கிழித்தால் சீழ் பிடிக்கும், மூடிக் கட்டுங்கள்.

வெண்ணாற்றில் மதகை ஒட்டிக் குளிக்கவே கூடாது. மேலே அசையாத தண்ணீர் அடியில் இழுக்கும்.

சாலையோர ஊராட்சிகளில் உலர்களங்களைக் கூடுதலாகக் கட்டித் தருமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாதயாத்திரைத் தொண்டர்கள் சிலர், தஞ்சாவூர்.