பழைய மைதானத்தில் இனி யார் ஆடுவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகம், 1910-ல் திறக்கப்பட்ட தனது ஓல்டு டிராஃபோர்டு அரங்கத்துக்குப் பதிலாக, அதன் அருகிலேயே ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய புதிய அரங்கத்தை ஏறத்தாழ 200 கோடி பவுண்டு செலவில் கட்டத் திட்டமிட்டிருப்பது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இருக்கைகளின் எண்ணிக்கையையும் கூரையின் வடிவத்தையும் விரிவாகப் பேசிய அந்தக் கட்டுரை, ஒரு கழகம் இடம் மாறும்போது அது விட்டுச்செல்லும் மைதானம் என்ன ஆகிறது, அதில் இனி யார் ஆடுவார்கள் என்பதைத் தொடவே இல்லை. அரங்கத் திட்டம் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்று கருதுகிறேன்.

பெரும்பாலும் பழைய மைதானம் குடியிருப்பாகிவிடுகிறது. ஆர்சனல் கழகம் 2006-ல் எமிரேட்ஸ் அரங்கத்துக்குச் சென்ற பின், 1913 முதல் அது ஆடிவந்த ஹைபரியில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. பந்து உருண்ட புல்தரை அங்கே குடியிருப்போரின் தோட்டமாயிற்று. வெஸ்ட் ஹாம் 2016-ல் விட்டுச்சென்ற அப்டன் பார்க்கின் கதையும் அதுதான்.

லிவர்பூல் நகரத்தின் எவர்டன் கழகமோ வேறு முடிவெடுத்தது. பழைய கப்பல்துறை ஒன்றைத் தூர்த்து, 52 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் புதிய அரங்கத்தை அது கட்டிக்கொண்டது. லிவர்பூல் துறைமுகப் பகுதி யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலிருந்து 2021-ல் நீக்கப்பட்டதற்கு அந்த அரங்கமும் ஒரு காரணம் என்பதால், திட்டம் குறையற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் 1892 முதல் தனக்கு இடம் தந்த குடிசன் பார்க்கை இடித்துவிட்டு வீடுகளும் பிற கட்டடங்களும் எழுப்புவது என்ற முந்தைய எண்ணத்தைக் கைவிட்டு, 2025 மே மாதத்தில் ஆண்கள் அணி அங்கே தன் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்த பின், அந்த மைதானத்தைப் பெண்கள் அணியிடம் எவர்டன் ஒப்படைத்திருக்கிறது.

இதன் பெருமை அந்த மைதானத்தின் வரலாற்றை அறிந்தால்தான் முழுமையாக விளங்கும். முதல் உலகப் போரின்போது பிரஸ்டன் நகரத் தொழிற்சாலையில் போர்த்தளவாடம் செய்த பெண்கள் தொடங்கிய டிக் கெர் லேடீஸ் அணி, 1920 டிசம்பர் 26 அன்று அதே குடிசன் பார்க்கில் செயின்ட் ஹெலன்ஸ் அணியை எதிர்கொண்டபோது, 53 ஆயிரம் பேர் உள்ளே திரண்டார்கள். மறு ஆண்டு டிசம்பரிலேயே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு உகந்ததன்று எனக் கூறி, தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் அவர்கள் ஆடத் தடை விதித்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. இத்தனை கூட்டத்தைத் திரட்டிய பெண்களை வெளியே நிறுத்தியது பெரும் அநீதி. அதே புல்தரை இன்று பெண்களுக்கே உரிய மைதானமாகியிருக்கிறது.

நம் மாவட்டத்தில் இதை எழுதக் காரணம் உண்டு. உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களில் பையன்கள் மணலிலேயே பந்தாடி வளர்கிறார்கள். அவர்களுடைய அக்கா தங்கைகளுக்கோ பள்ளிக்கூட மைதானத்தை விட்டால் ஆட இடம் கிடைப்பது அரிது. வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்டையிலேயே சான்று இருக்கிறது: மதுரையின் சேது எப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. நாமோ மைதானம் என்றதும் பார்வையாளர் மாடத்தையே முதலில் நினைக்கிறோம். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் புதிதாக அமைத்த மாடத்தின் மேற்கூரை 2023-ல் காற்றில் சரிந்ததை நெல்லை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கப்படும் என அரசு அறிவித்திருக்கும் நிலையில், நம் பகுதியில் அமையும் ஒவ்வொரு அரங்கத்திலும் மாலை நேரத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று நிலையான ஆட்ட நேரம், உடை மாற்றும் அறை, கழிப்பறை, விளக்கு வசதி ஆகியவை திட்ட வரைவிலேயே இடம்பெற வேண்டும். அரங்கத் திறப்பு விழாச் செய்திகளை வெளியிடும்போது, செலவுத் தொகையோடு இந்த விவரங்களையும் கேட்டு வெளியிடுமாறு தங்கள் செய்தியாளர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.