பழைய பாட்டிலில் மிச்சமிருந்த இருபது கிராம்

அன்புள்ள பாஸ்கர்,

பொங்கலுக்கு நீ அனுப்பிய செய்திக்கே நான் இன்னும் பதில் போடவில்லை. கோபத்தில்தான் இருப்பாய், நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் பையன் நடக்க ஆரம்பித்துவிட்டானாமே, ஒரு போட்டோகூட அனுப்ப மாட்டாயா? மெஸ் அண்ணனைப் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். உன் நாற்பது ரூபாய் பாக்கியை இன்னும் மறக்கவில்லை மனுஷன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான்கு மாதமாக என் லேபில் தங்க நானோ தண்டு வரவே இல்லை. நாம் எம்.எஸ்ஸி.யில் செய்தது உருண்டைத் துகள். கொதிக்கிற தங்கக் கரைசலில் சிட்ரேட்டை ஊற்றி, மஞ்சள் போய், கருத்து, அப்புறம் திராட்சைச் சிவப்பு வந்ததும் நீ போட்ட கூச்சலில் தாடி சார் ஓடி வந்தாரே, அது. 1951-இல் டர்கெவிச் சொன்ன முறை, அநேகமாக யார் கைக்கும் வந்துவிடும். தண்டு அப்படியில்லை. முதலில் ஐஸில் வைத்த போரோஹைட்ரைடை ஊற்றிச் சில நானோமீட்டர் அளவில் சீட், அதாவது விதைத் துகள், செய்ய வேண்டும். அப்புறம் சிடேப் (துகளைத் தண்டாக வளரவிடும் அந்த சோப்பு மாதிரிப் பொருள்), வெள்ளி நைட்ரேட், தங்கம் கலந்த கரைசலில் அஸ்கார்பிக் அமிலம் விட்டால் நிறம் சட்டென்று போய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அதில் 12 மைக்ரோலிட்டர் சீட். பத்து இருபது நிமிடத்தில் நிறம் ஏறும். 2003-இல் நிகூபக்தும் எல்-சயீதும் வெளியிட்ட செய்முறை இது, உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

எங்களுக்கு வந்ததெல்லாம் இளஞ்சிவப்பு. தண்டு இருந்தால், எந்த அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யுவியில் 520 நானோமீட்டர் பக்கம் சின்னதாக ஒரு பீக்கும், அதைத் தாண்டி 700, 800 பக்கம் பெரிதாக இன்னொன்றும் வர வேண்டும். முதலாவது தண்டின் குறுக்கே ஆடும் எலக்ட்ரான்களால் வருவது, இரண்டாவது நெடுக்கே ஆடுவதால். எங்களுக்கு 530-இல் ஒற்றை பீக், அவ்வளவுதான். தண்ணீரை மாற்றினோம். கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் ராஜ திராவகத்தில் கழுவினோம். போரோஹைட்ரைடு புதிதாக வாங்கினோம். ஏசியில் 25 டிகிரிக்குக் கீழே போனால் சிடேப் வெள்ளை ஊசி ஊசியாகக் கட்டிக்கொள்ளுமே, அதனால் வாட்டர் பாத்தை 28-இல் வைத்துக் காவல் இருந்தோம். ஆறு வாரம் காத்திருந்து வெளியே ஓர் இடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி (டெம்) ஸ்லாட் வாங்கிப் பார்த்தால் அதிலும் உருண்டைதான்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டமானது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வேலையைச் செய்கிற பிஎச்.டி. மாணவி, “சார், சிடேப் பாட்டில் மாறினதிலிருந்துதான் வரவில்லை” என்று இரண்டு முறை சொன்னாள். இரண்டிலும் 99 சதவீதம் என்றுதானே போட்டிருக்கிறது என்று நான் கேட்டேன். இரண்டாவது முறை, ஜூனியர்கள் இரண்டு பேர் நிற்கும்போதே, “பாட்டிலில் குறை இல்லைம்மா, உன் கையில்தான் குறை” என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் பைப்பெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

பழைய பாட்டிலின் அடியில் இருபது கிராம் மிச்சம் இருந்திருக்கிறது. அதை அவள் தூக்கிப் போடாமல் பாராஃபிலிம் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள். நான் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை, ஒரே சீட், ஒரே தண்ணீர், ஒரே நேரத்தில் இரண்டு குப்பியில் செய்து எனக்குப் படம் அனுப்பினாள். இடது பக்கம் புது பாட்டில், இளஞ்சிவப்பு. வலது பக்கம் பழைய பாட்டில், நீலப்பச்சை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அன்று ராத்திரிதான் தேடிப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கோர்கெல் குழு 2008-இலேயே பத்து இடத்துச் சிடேப்பை வாங்கி ஒரே செய்முறையில் செய்து பார்த்திருக்கிறார்கள். மூன்றில் தண்டே வரவில்லை. அடுத்த வருஷம் காரணத்தையும் கண்டுபிடித்தார்கள்: அயோடைடு. சிடேப்பில் இருப்பது புரோமைடு, அதோடு துளித் துளியாக அயோடைடும் வந்துவிடுகிறது. அது தங்கத்தை புரோமைடைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் துகள் ஒரு பக்கமாக நீளாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பருக்கும். திங்கட்கிழமை அவள் நல்ல சிடேப்பில் பொட்டாசியம் அயோடைடு ஒரு துளி விட்டுச் செய்து காட்டினாள். அதே இளஞ்சிவப்பு.

அதே இரண்டு ஜூனியர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சார்” என்றாள். அப்போதுதான் அவள் நோட்டை ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாகக் கோடு போட்டு, எந்த பாட்டில், என்ன பேட்ச் எண், என்றைக்குத் திறந்தது என்று நீல மையில் எழுதியிருக்கிறாள். முதல் நாளிலிருந்து. அந்த நோட்டில் நான்கு மாதமாக நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் பாஸ்கர்.

எனக்கு இதுதான் தாங்கவில்லை. கட்டுரைகளில் பெரும்பாலும் 99 சதவீதம் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். மிச்சம் ஒன்றில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை லேபில் எத்தனை பிள்ளைகள் தன் கைதான் சரியில்லை என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? ஒரு பையன் பாதியில் விட்டுவிட்டுப் போனானே, நம் செட்டில். அவன் ஞாபகம் விடாமல் வருகிறது. அவன் கையைப் பற்றியும் இப்படித்தானே பேசினோம், நீயும் நானும்.

வியாழக்கிழமை டெம் கிடைத்தது. இரண்டு முறை சென்ட்ரிஃப்யூஜ் போட்டு அதிகப்படி சிடேப்பை நீக்கித்தான் கிரிட்டில் விட்டாள். நீளம் 40, அகலம் 13, 14 நானோமீட்டர், தட்டில் அரிசி பரப்பினாற்போல் கிடக்கிறது. அவ்வளவு அழகு.

உன்னிடம் ஒரு உதவி. உன் லேபில் துளி அளவுத் தனிமத்தையும் அளக்கிற ஐசிபி-மாஸ் இருக்கிறதே, அயோடின் மட்டும் பார்த்துச் சொல். அமிலத்தில் கரைக்காதே, ஆவியாகிப் போய்விடும். அம்மோனியா விட்டுச் செய். நாளைக் கூரியரில் மூன்று குப்பி சிடேப் வருகிறது. மேலே எண் மட்டும்தான் இருக்கும். எது எந்த பாட்டில் என்று உனக்குத் தெரியக்கூடாது என்கிறாள். எனக்கும் சொல்லவில்லை.

அன்புடன்,
ரவி

பி.கு.: மெஸ் அண்ணனிடம் நாற்பது ரூபாயைக் கொடுத்துவிட்டேன். வட்டியோடு எனக்கு அனுப்பு.