செயலாளரின் ஆண்டறிக்கை: வண்ணத்துப்பூச்சி ஆர்வலர் சங்கம், திருகோணமலை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே,

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின்னர்தான் இவ்வாண்டும் நமது வேலை சூடுபிடித்தது. திருகோணமலைக் கோட்டைக்குள் வந்தவர்கள் புள்ளிமான்களைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நம்மவர்கள் வெட்டுக்காயப்பூண்டின்மேல் குனிந்திருந்தார்கள். தேடியது செம்மஞ்சள் இறகில் கரும்புள்ளிகள் கொண்ட சிறுத்தை வண்ணத்துப்பூச்சியை. தேன் குடிக்கும்போதும் இறகை ஆட்டிக்கொண்டே இருப்பதால், படமெடுப்பவரின் பொறுமையைச் சோதித்துவிடும்.

அதன் பேரினமான (நெருங்கிய இனங்களின் தொகுதியான) ஃபலன்டாவில் பெரும்பாலான இனங்கள் ஆப்பிரிக்காவுக்கும் இந்து சமுத்திரத் தீவுகளுக்கும் உரியவை. இலங்கையில் இரண்டு. நாம் காணும் சிறுத்தையான ஃபலந்தா இனம் வறண்ட வலயத்திலும் தாராளமாகப் பறக்கிறது; சிறிய உறவான அல்சிப்பே ஈரவலயக் காடுகளுக்குரியது. சீஷெல்ஸ் தீவுகளின் ஃபிலிபர்ட்டி இனம் அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது.

செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது சங்கத் தோட்டத்தைப் பற்றித்தான். சீனியாப் பூப்பாத்திகள் போதும் என்றார்கள் சிலர். பூவுக்கு வரும் பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட அதற்கு முட்செடியான சொத்தைக்களாவின் இளந்தளிர் வேண்டும். முள் குத்தும், பிள்ளைகள் வரும் இடம் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆகவே கன்றுகளைப் பின்வேலியோரம் நட்டிருக்கிறோம். சிறுபூனைக்காலிக் கொடியின் கதி இதைவிட மோசம்: கிராமத்துச் சிரமதானம் ஒன்றில் களை என்று அடியோடு பிடுங்கிவிட்டார்கள். அக்ரேயா டெர்ப்சிகோர் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு அதுவே சாப்பாடு. சிறுத்தையின் இந்த உறவினம் தெற்காசியாவிலிருந்து கிழக்கே பரவி 2012இல் ஆஸ்திரேலியாவையே எட்டியது. நம் வேலியில் அதற்கு இடமில்லை என்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

ஆர்ஜின்னிஸ் ஹைப்பர்பியஸ் என்ற வண்ணத்துப்பூச்சியை இங்கே காணலாமா என்று புதிய உறுப்பினர்கள் கேட்டவண்ணம் இருக்கிறார்கள். காண முடியாது. அதன் புழு குளிர்ந்த மலைப்பகுதியில் வளரும் வயோலாப் பூச்செடிகளை உண்பது. ஆகவே இலங்கையில் மலைநாட்டுக்கு ஏறித்தான் பார்க்க வேண்டும். பெண் பூச்சியின் முன்னிறகு நுனியில் கருமையும் வெள்ளைப் பட்டையும் உண்டு. எருக்கிலை தின்று வளர்ந்து நஞ்சேறிய வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைப் போல் தோன்றி அது பறவைகளை ஏமாற்றுகிறது. ஏமாற்றப்படும் பறவைகளில் நம் உறுப்பினர் சிலரையும் சேர்க்கலாம்: இங்கே உப்புவெளியில் ஹைப்பர்பியஸைப் பிடித்ததாக அனுப்பிய படங்கள் எல்லாம் வெந்தய வரியனே.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். நுவரெலியாப் பயணத்துக்கு பஸ் அமர்த்தும் பிரேரணையும், பின்வேலிக் கன்றுகளுக்குக் கோடையில் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றும் பிரேரணையும் இன்று சபை முன் உள்ளன. இரண்டாவதற்கு இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

செயலாளர்