கத்தி அடிக்கக் கற்பவருக்கும் உதவித்தொகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் துறைமுகத்தில் மீன் வெட்டித் தருபவர்கள், பண்ருட்டியில் பலாப்பழம் அறுப்பவர்கள், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுபவர்கள் எனப் பலரும் இன்றும் கொல்லர் பட்டறையில் அடித்த கத்தியையே விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் அத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் அரிது. கடலூர் முதுநகரில் ஒரு பட்டறையில் கற்றுவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இரும்பைச் சம்மட்டியால் அடித்துக் கத்தி வடிவத்துக்குக் கொண்டுவருவதை ஓரளவு விரைவாகவே கற்றுவிடலாம். கத்தி நீடித்து உழைப்பதோ அதற்குப் பிந்தைய வேலையைப் பொறுத்தது. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஏறத்தாழ 0.6 சதவீதம் கரிமம் (கார்பன்) கலந்திருப்பதால் அது நன்றாகக் கடினப்படும். கரிமம் குறைந்த சாதாரண இரும்பை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்காது. உலையில் காய்ச்சும்போது 770 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பட்டை காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலான சூட்டில் எடுத்து எண்ணெயில் தோய்க்க வேண்டும். சூடு குறைந்தால் கடினம் ஏறாது, மிகுந்தால் எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய மணிகள் பருத்துக் கத்தி எளிதில் உடையும், தண்ணீரில் தோய்த்தாலோ விரிசல் விடக்கூடும். தோய்த்தெடுத்த நிலையில் அது கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதால், மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி மெல்லச் சூடேற்ற வேண்டும். மீன் அரியும் கத்தியை வைக்கோல் நிறம் படர்ந்ததும் நிறுத்தலாம். எலும்பை ஓங்கி வெட்டும் கத்தியை ஊதா நிறம் வரும்வரை விட வேண்டும். இந்த நிற மாற்றம் நொடிகளில் நடந்து முடிந்துவிடும். வெளிச்சம் குறைந்த பட்டறையில், கைதேர்ந்த கொல்லரின் அருகில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் கண் அதற்குப் பழகும்.

ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காக 2023-இல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாட்களே. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம், குலத்தொழில் என்ற வரம்பு இல்லாமல், 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 50,000 ரூபாய் வரை மானியமும் அளிக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் 35 வயது நிறைந்தவர்களுக்கான அத்திட்டம், 20 வயதில் உலை முன் நிற்க வரும் இளைஞருக்கு எட்டாது. கட்டட வேலைக்குப் போனால் அன்றே கூலி கிடைக்கும்போது, கற்றுத் தேறும்வரை வருமானமின்றித் துருத்தி ஊத யார் வருவார்? கற்பவர் கெடுக்கும் எஃகுக்கும் கரிக்கும் ஆகும் செலவைக் கொல்லரே சுமப்பதும் நியாயமில்லை.

எனவே, ஆண் பெண் வேறுபாடின்றி, 18 வயது நிறைந்த எவரும் ஊர்ப் பட்டறையிலேயே ஓராண்டு தங்கிக் கற்க மாத உதவித்தொகையும், கற்றுத்தரும் கொல்லருக்கு மதிப்பூதியமும் பொருட்செலவும் வழங்கும் ஏற்பாட்டைக் கடலூர் மாவட்டத் தொழில் மையம் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்.